‘இஃப் நெசசரி’ எழுதினால் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழிமுறை

அலுவலகக் கடிதம், சுற்றறிக்கை, வேலை உத்தரவு, ஒப்பந்த நகல் என்று பிறர் ஆங்கிலத்தில் எழுதியவற்றை அனுப்புவதற்கு முன் பார்த்துத் திருத்துவது என் அன்றாட வேலை. அவற்றில் ஓயாமல் கைக்கு வருவது ‘இஃப் நெசசரி’ என்ற தொடரும், அதன் உறவுக்காரர்களான ‘ஆஸ் நெசசரி’, ‘வேர் நெசசரி’, ‘நாட் நெசசரிலி’ ஆகியவையும்தான். இலக்கணம் சரியாக இருக்கும் வாக்கியத்திலும் இவை சிக்கலை உண்டாக்கும் என்பதால், பிழை பார்க்கும் மென்பொருளை நம்பி இருந்துவிட முடியாது. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிதில் நீங்கும் காரணம் முதலிலும், வாக்கியத்தையே மாற்றி எழுதவேண்டிய காரணம் பின்னாலும் வருகின்றன.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது, தொடரை நீக்கிவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். பொருள் மாறவில்லை என்றால் அது அங்கே இருக்கவேண்டியதில்லை, நீக்கியபடியே அனுப்பிவிடலாம். இரண்டாவது, அதே செய்தியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘தேவைப்பட்டால்’, ‘தேவைப்படும்போதெல்லாம்’, ‘தேவையான இடங்களில்’, ‘தேவைக்கேற்ப’ என்பவற்றுள் எது தானாக வாயில் வருகிறது என்று கவனித்தால், கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும்.

அறிகுறி 1: வாக்கியம் படிக்கும்போதே இடறுகிறது

‘இஃப் நெசசரி மீன்ஸ் ஐ வில் கம்’ என்று இருக்கிறதா? ‘தேவை என்றால்’ என்பதிலுள்ள ‘என்றால்’ அப்படியே ‘மீன்ஸ்’ ஆகி நுழைந்துவிட்டது. ‘இஃப்’ ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவிட்டதால் ‘மீன்ஸ்’ தேவையில்லை. ‘ஐ வில் கம் இஃப் நெசசரி’ என்பதே போதும்.

‘இஃப் இட் நெசசரி’ என்று இருந்தால் பாதி வாக்கியம் விடுபட்டிருக்கிறது. ‘இஃப் இட் இஸ் நெசசரி’ என்று முழுமையாக எழுதலாம். அல்லது ‘இட்’, ‘இஸ்’ இரண்டையும் சேர்த்தே விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் விடமுடியாது. ‘இஃப் இட் வில் பி நெசசரி’ என்பதில் ‘வில்’ மிகை. நாளைக்கு வரப்போகும் தேவையானாலும் நிபந்தனைப் பகுதியில் ‘இஸ்’தான் வரும். ‘இஃப் நெசசரிலி’ என்ற வடிவம் கிடையாது.

‘இஃப் யூ ஆர் நெசசரி, ப்ளீஸ் கால் மீ’ என்பது சற்றே ஆபத்தானது. ‘உங்களுக்குத் தேவையானால்’ என்று நினைத்து எழுதியது, ‘நீங்கள் தேவையான ஆளாக இருந்தால்’ என்று போய்ச் சேரும். ‘ப்ளீஸ் கால் மீ இஃப் நெசசரி’ என்றோ ‘இஃப் யூ நீட் எனிதிங்’ என்றோ மாற்றுங்கள். ‘இஃப் நீட் பி’ என்ற பழந்தொடரை எடுத்தாள்பவர்கள் அதை ‘இஃப் நீட் இஸ்’ என்று திருத்தாமல் இருந்தால் சரி. எழுத்துக்கூட்டலில் ‘சி’ ஒன்று, ‘எஸ்’ இரண்டு. அதை மென்பொருளே பிடித்துவிடும்.

இந்த வகைக்கு எந்த வல்லுநரும் வேண்டாம்.

அறிகுறி 2: இரண்டு வேலை சொன்னோம், ஒன்றுதான் நடந்தது

குடியிருப்புச் சங்கம் ஏ.சி. பராமரிப்புக்கு எழுதும் வேலை உத்தரவு ஒன்றைப் பாருங்கள்: ‘ப்ளீஸ் க்ளீன் தி ஃபில்டர்ஸ் அண்ட் டாப் அப் தி கேஸ் இஃப் நெசசரி.’ எழுதியவர் ஃபில்டரைக் கட்டாயம் சுத்தம் செய்யவேண்டும், கேஸை மட்டும் பார்த்து நிரப்பலாம் என்று நினைத்தார். வந்தவரோ இரண்டுமே தேவையில்லை என்று தீர்மானித்து, மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். எழுத்தின்படி அவர்மீது குற்றம் சொல்லமுடியாது. வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் ‘இஃப் நெசசரி’ முன்னாலுள்ள ஒரு வினைக்கும் பொருந்தும், இரண்டுக்கும் பொருந்தும்.

மிக எளிய காரணம் இடம் தவறியதுதான். தமிழில் ‘ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், தேவைப்பட்டால் கேஸ் நிரப்புங்கள்’ என்று சொல்லும்போது தொடர் தனக்குரிய வினைக்கு முன்னால் இயல்பாகவே போய் நின்றுகொள்கிறது. ஆங்கிலத்திலும் அதே வரிசையை வைத்துக்கொள்ளலாம்: ‘க்ளீன் தி ஃபில்டர்ஸ் அண்ட், இஃப் நெசசரி, டாப் அப் தி கேஸ்.’ இரண்டு வேலைக்குமே நிபந்தனை வேண்டுமென்றால் தொடரை வாக்கியத்தின் தலையில் வையுங்கள். தலையில் வந்தால் பின்னால் ஒரு காற்புள்ளி. நடுவில் வந்தால் இருபுறமும் காற்புள்ளி. கடைசியில் வந்தால் பொதுவாக எதுவும் வேண்டாம். நடுவில் நிற்கும்போது ஒரு பக்கம் மட்டும் காற்புள்ளி போட்டு மறுபக்கத்தை விடுவதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை.

அடுத்த காரணம் ஒரே வாக்கியத்தில் மூன்று நான்கு வேலைகளை அடைத்திருப்பது. காற்புள்ளியை இடம் மாற்றிப் பயனில்லை. நிபந்தனை இல்லாத வேலைகளை ஒரு வாக்கியமாகவும், நிபந்தனை உள்ளதைத் தனி வாக்கியமாகவும் பிரித்துவிடுங்கள்.

எதிர்மறை வாக்கியமானால் வேறு மருந்து. ‘டூ நாட் ஓப்பன் தி பேனல் இஃப் நெசசரி’ என்று எழுதியிருந்தால், ‘தேவைப்பட்டால் திறக்காதே’ என்ற தலைகீழான பொருள் வரும். நினைத்தது ‘தேவையில்லாமல் திறக்காதே’ என்பதுதானே? அதற்கு ‘அன்லெஸ் நெசசரி’ என்று எழுதவேண்டும்.

மின்சாரம், லிஃப்ட், கொதிகலன் போன்றவற்றின் பாதுகாப்புக் குறிப்பில் இந்த அறிகுறி தெரிந்தால், ஆங்கிலம் அறிந்தவர் திருத்தினால் மட்டும் போதாது. எந்த வேலை கட்டாயம், எது நிபந்தனைக்கு உட்பட்டது என்பதை அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பான பொறியாளரே சொல்லவேண்டும்.

அறிகுறி 3: ஒருமுறை செய்யச் சொன்னதைத் தினமும் செய்கிறார், அல்லது ஒருமுறையோடு நிறுத்திவிட்டார்

தவறான உறவுக்காரரை அழைத்திருக்கிறீர்கள். ‘இஃப் நெசசரி’ என்பது ‘தேவை ஏற்பட்டால்’, ஏற்படாமலும் போகலாம். ‘வென் நெசசரி’ என்பது தேவை ஏற்படும் என்பதை ஒப்புக்கொண்டு, ஏற்படும் நேரத்தில் செய்யச் சொல்வது. ‘வேர் நெசசரி’ இடத்தைக் குறிப்பது. ஒரு நகலில் எழுத்துப்பிழை உள்ள இடங்களை மட்டும் திருத்தச் சொல்ல இதுவே பொருத்தம். ‘ஆஸ் நெசசரி’ எத்தனை முறை என்பதையும் எவ்வளவு என்பதையும் செய்பவரிடம் விட்டுவிடுகிறது.

இயந்திரத்தின் சங்கிலிக்கு எண்ணெய் இடும் குறிப்பில் ‘இஃப் நெசசரி’ இருந்தால், ஒருமுறை பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தவர் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார். ‘ஆஸ் நெசசரி’ இருந்தால் அவ்வப்போது வந்து பார்க்கும் கடமை அவருக்கு உண்டு. நம் அலுவலகங்களில் புழங்கும் ‘ஆஸ் அண்ட் வென் நெசசரி’ தவறில்லை. ஆனால் அந்த நீளத்துக்கு ஏற்ற பொருள் கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ‘வென்’ ஒன்றே பெரும்பாலும் போதும்.

தமிழ்ச் சோதனையில் இரண்டு தொடர்கள் ஒருசேர வாயில் வந்தால், இந்த நால்வருள் எவரும் உதவமாட்டார். அங்கே எண்தான் வேண்டும். ‘எவ்ரி 3 மந்த்ஸ், ஆர் சூனர் இஃப் நெசசரி’ என்று எழுதினால் குறைந்தபட்சக் கடமை எண்ணில் நிலைபெறும், அதற்கு மேற்பட்டது மட்டும் செய்பவரின் பொறுப்பில் இருக்கும்.

அறிகுறி 4: ‘தேவை என்று யார் முடிவு செய்வது?’ என்று கேள்வி திரும்பி வருகிறது

அதிக நேரத்தை விழுங்குவதும், சில சமயம் சண்டை வரைக்கும் போவதும் இதுதான். ‘ஸ்டாஃப் மே பி ஆஸ்க்ட் டு வொர்க் ஆன் சண்டேஸ் இஃப் நெசசரி’ என்ற சுற்றறிக்கை வெளியான மறுநாளே கேள்விகள் வரும். யாருடைய தேவை? அதை முடிவு செய்பவர் பிரிவுத் தலைவரா, மேலாளரா? எது நேர்ந்தால் தேவை என்று கொள்வது? ஆங்கிலத்தில் இந்தத் தொடருக்குள் எழுவாயே கிடையாது; ‘இட் இஸ்’ என்ற சொற்களும் விடுபட்டபின் ஆள் அடையாளமே இல்லாமல் போய்விடுகிறது.

எளிய காரணம், முடிவு செய்பவரின் பெயரோ பதவியோ எழுதப்படாமல் இருப்பது. ‘இஃப் தி பிராஞ்ச் மேனேஜர் கன்சிடர்ஸ் இட் நெசசரி’ என்று ஐந்து சொல் கூட்டினால் அது தீர்ந்துவிடும்.

எழுத்து வேலையில் இதற்கு நல்ல மாதிரி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 123ஆம் உறுப்பு, குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரத்தைப் பற்றியது. தேவை இருந்தால் பிறப்பிக்கலாம் என்று அது பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூட்டத்தில் இருக்கும் காலம் தவிர மற்றக் காலத்தில், உடனடி நடவடிக்கையைத் தேவையாக்கும் சூழ்நிலை இருப்பதாகக் குடியரசுத் தலைவர் மனநிறைவு கொண்டால் என்று, காலத்தையும் முடிவு செய்பவரையும் தேவையின் தன்மையையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கான சுற்றறிக்கைக்கு அவ்வளவு கனம் வேண்டாம். ஆனால் எப்போது, யார், எதற்காக என்ற மூன்று கேள்விகளும் அதற்கும் பொருந்தும்.

இரண்டாவது காரணம், அளவுகோல் இல்லாதது. முடிவு செய்பவர் யார் என்று தெரிந்தும் கேள்வி ஓயவில்லை என்றால் இதுதான் காரணம். ‘இஃப் நெசசரி’ என்பதை எடுத்துவிட்டு, அந்தத் தேவையை உண்டாக்கும் நிகழ்வையே எழுதுங்கள்: ‘இஃப் தி ஸ்டாக் ஃபால்ஸ் பிலோ 50 பாக்சஸ்’, ‘இஃப் தி ஷிப்மெண்ட் அரைவ்ஸ் ஆன் எ சாட்டர்டே’. கையிருப்பு ஐம்பது பெட்டிக்குக் கீழே போனதா இல்லையா என்பதில் இருவருக்குக் கருத்து வேறுபாடு வராது.

மூன்றாவது காரணம், தேவையால் ஆதாயம் அடைபவரிடமே முடிவை ஒப்படைத்திருப்பது. மேலே சொன்ன ஏ.சி. உத்தரவில் கேஸ் நிரப்பினால் பணம் பெறுபவரே கேஸ் தேவையா என்றும் தீர்மானிக்கிறார். பிறகு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டுப் பயனில்லை. உத்தரவிலேயே அந்த அனுமதி இருக்கிறது. ‘ஷோ அஸ் தி ப்ரெஷர் ரீடிங் பிஃபோர் டாப்பிங் அப் தி கேஸ்’ என்று எழுதுங்கள். முடிவு உங்கள் பக்கம் வந்துவிடும்.

கடைசிக் காரணம்தான் செலவு மிக்கது: எழுதியவரே முடிவெடுக்கவில்லை, அல்லது வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கிறார். மேலிடத்தில் கருத்து ஒற்றுமை வராதபோது, எல்லாரும் கையெழுத்திடக்கூடிய இரண்டு சொல்லாக ‘இஃப் நெசசரி’ உள்ளே வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதைத் திருத்துபவரால் சரிசெய்ய முடியாது. ஓரத்தில் ‘யார் முடிவு செய்வது?’ என்று எழுதித் திருப்பி அனுப்புவதே முறை. நாமாக ஒரு பதவியின் பெயரைச் சேர்ப்பது, நமக்கு இல்லாத அதிகாரத்தைக் கையில் எடுப்பதாகும்.

ஊதியம், விடுப்பு, அபராதம், வாடகை, வேலைநீக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அந்த வாக்கியத்தைச் சார்ந்திருந்தால், இந்த இடத்திலேயே வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள். ‘தேவைப்பட்டால்’ என்பதும் ‘தேவை என்று மேலாளர் கருதினால்’ என்பதும் கடிதத்தில் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றலாம். வழக்கென்று வரும்போது முன்னதில் தேவை உண்மையில் இருந்ததா என்பதும், பின்னதில் அவர் அப்படிக் கருதினாரா என்பதும் கேள்வியாகும்.

அறிகுறி 5: ஒருவர் கட்டாயம் என்று எடுத்துக்கொண்டார், மற்றவர் விருப்பம் என்று விட்டுவிட்டார்

‘நெசசரி’ என்ற சொல்லின் வலிமை நூல் பிடித்தாற்போல் நிற்பதில்லை. 1819இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மெக்கல்லக் எதிர் மேரிலாண்ட் வழக்கில் இந்தச் சொல்லையே எடுத்து ஆராயவேண்டியிருந்தது. ஒன்றிய அரசுக்கு வங்கி அமைக்கும் அதிகாரம் உண்டா என்ற கேள்வியில், அந்நாட்டு அரசமைப்பிலுள்ள ‘நெசசரி’ என்பது ‘அது இல்லாமல் முடியவே முடியாது’ என்ற பொருளில்தான் வரவேண்டும் என்பதில்லை என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதினார். அதே அரசமைப்பின் வேறோர் இடத்தில் ‘அப்சல்யூட்லி நெசசரி’ என்று வருவதையும் அவர் சுட்டிக்காட்டினார். அரசமைப்பிலேயே இந்த நெகிழ்வு இருக்குமானால், நம் சுற்றறிக்கையைப் படிப்பவர் தடுமாறுவதில் வியப்பில்லை.

சோதனை எளிது: செய்யாவிட்டால் யாராவது விளக்கம் கேட்பார்களா? கேட்பார்கள் என்றால் ‘மஸ்ட்’ எழுதுங்கள். காரணம் இருந்தால் விடலாம் என்றால் ‘ஷுட்’. செய்தாலும் செய்யாவிட்டாலும் சரி என்றால் ‘மே’. இணைய நெறிமுறைகளை எழுதுபவர்கள் 1997இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணத்தில் இந்தச் சொற்களுக்கு இதே வகையில் பொருளை வரையறுத்து வைத்திருக்கிறார்கள். தொழில்நுட்பக் குறிப்பு எழுதுபவர்கள் அதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

‘தேவைப்பட்டால் மட்டும்’ என்பது ‘இஃப் நெசசரி ஒன்லி’ ஆகிவிடுவதும் இந்த அறிகுறியில் சேரும். தமிழில் ‘மட்டும்’ பின்னால் வரும். ஆங்கிலத்தில் ‘ஒன்லி இஃப் நெசசரி’ என்று முன்னால் வரவேண்டும். ‘இஃப் ஒன்லி’ என்று நடுவில் வைத்தால் ஏக்கப் பெருமூச்சாகிவிடும்.

அழைப்பிதழில் இந்தத் தொடரே வேண்டாம். ‘ப்ளீஸ் அட்டெண்ட் இஃப் நெசசரி’ என்பது, ‘வேணும்னா வாங்க’ என்று வாசலில் நின்று சொல்வதைப் போல ஒலிக்கும். பணிவுக்காகச் சேர்த்தது என்றால் ‘இஃப் இட் இஸ் கன்வீனியண்ட்’ என்று எழுதுங்கள்.

அறிகுறி 6: ‘இல்லை’ இடம் மாறிப் பொருள் கவிழ்ந்துவிட்டது

ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளில் ‘தி லோயஸ்ட் டெண்டர் வில் நாட் நெசசரிலி பி அக்செப்டட்’ என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். மிகக் குறைந்த தொகையை ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஏற்கவும் செய்யலாம் என்பது இதன் பொருள். ‘வில் நெசசரிலி நாட் பி அக்செப்டட்’ என்று ‘நாட்’ ஓரிடம் தள்ளிப் போனால், மிகக் குறைந்த தொகை எப்படியும் ஏற்கப்படாது என்று ஆகிவிடும். தமிழில் ‘கட்டாயம் இல்லை’, ‘கட்டாயம் ஏற்கப்படாது’ என்று இரண்டையும் சொல்லிப் பார்த்து, நீங்கள் நினைத்ததற்கு உரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு ஏற்கெனவே வெளியாகிவிட்டது என்றால் நீங்களாகத் திருத்தி மறுபடி ஒட்டவேண்டாம்; கொள்முதல் பிரிவின் வழியாக முறையான திருத்த அறிவிப்பு வரவேண்டும்.

‘ஆஃப் நெசசிட்டி’ என்பதும் சிலரால் ‘தேவைப்பட்டால்’ என்ற இடத்தில் போடப்படுகிறது. அதன் பொருள் ‘வேறு வழியில்லாமல்’, ‘தவிர்க்கமுடியாதபடி’ என்பதே. நிபந்தனைக்கு அது உதவாது.

அறிகுறி 7: மருந்துச் சீட்டில் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று இருக்கிறது, எப்போது கொடுப்பது என்று தெரியவில்லை

முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகச் சீட்டை மொழிபெயர்த்துத் தரும்போது இது அடிக்கடி வரும். கப்பல்கள் அனுப்பும் ஆபத்துக் குறிப்பை நினைத்து, உயிர் போகும் நிலையில் மட்டும் கொடுக்கவேண்டிய மருந்து என்று எண்ணிப் பயந்துபோகிறவர்கள் உண்டு. மருந்துச் சீட்டில் அது ‘சி ஓபஸ் சிட்’ என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம். ‘தேவைப்பட்டால்’ என்பதே அதன் பொருள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதே இடத்தில் ‘ப்ரோ ரே நாட்டா’ என்பதன் சுருக்கமான ‘பி.ஆர்.என்.’ அதிகம் புழங்குகிறது.

சுருக்கத்தை விரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணவேண்டாம். நான்காவது அறிகுறியில் கேட்ட கேள்விகள் எல்லாம் இங்கே இன்னும் கூர்மையாகத் திரும்பி வருகின்றன. எந்தத் தொந்தரவு வந்தால் கொடுப்பது? ஒரு வேளைக்கு எவ்வளவு? அடுத்த வேளைக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம் இடைவெளி? ஒரு நாளில் எத்தனைக்கு மேல் கூடாது? குறையாவிட்டால் எப்போது நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போவது? சீட்டில் இவை இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

பாரசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். பொதுவாக வயது வந்தவருக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை, இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது என்பது வழக்கமான வரம்பு. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் உடல் எடை மிகக் குறைந்தவர்களுக்கும் அந்த அளவே அதிகமாகிவிடலாம். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்த கணக்கே வேறு. சளிக்கும் உடல்வலிக்கும் விற்கும் பல கூட்டு மாத்திரைகளில் பாரசிட்டமால் சேர்ந்திருப்பதால், ‘தேவைப்பட்டால்’ என்று இரண்டு பெயர்களில் இருக்கும் மாத்திரைகளைக் கொடுப்பவர், தெரியாமலேயே ஒரே மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்துவிடக்கூடும்.

மற்ற அறிகுறிகளில் வல்லுநர் கடைசியில் வருகிறார். இதில் அவர்தான் முதலில் வரவேண்டும். மேற்சொன்ன கேள்விகளில் ஒன்றுக்கேனும் சீட்டில் விடை இல்லை என்றால், மொழிபெயர்ப்பவர் எண்ணை ஊகித்து நிரப்பக்கூடாது; பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எழுதிவிடவும் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமோ, மருந்துக் கடையிலுள்ள மருந்தாளுநரிடமோ கேட்டு, இடைவெளியையும் ஒரு நாளின் உச்ச அளவையும் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு மொழிபெயருங்கள். அளவுக்கு மேல் கொடுத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், தொந்தரவு எதுவும் வெளியே தெரியாவிட்டாலும் காத்திருக்காமல், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.